‘ஆ’ வராத ஞாயிறு

எங்கள் கோயில் கூடத்தில் ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தமிழ் வகுப்பு. வாரம் முழுக்க பர்மியப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைகள் ஒரு நாள் மட்டும் தமிழ் எழுத்தோடு மல்லுக்கட்ட வருவார்கள். மொத்தம் பன்னிரண்டு பேர். மழை பெய்தால் ஐந்து பேர். நான்தான் டீச்சர். பிள்ளைகள் வாயில் பாதி நேரம் ‘சயாமா’ என்றுதான் வரும். பர்மிய மொழியில் ஆசிரியைக்கும் சயாமா, பெண் மருத்துவருக்கும் சயாமா. நான் திருத்துவதில்லை.

2023 ஜூலையில் ஒரு ஞாயிறு. புதிதாகச் சேர்ந்த இரண்டு வாண்டுகளுக்கு உயிரெழுத்து. ‘அ’ சொன்னேன். அடுத்து ‘ஆ’ சொல்ல வாயைத் திறந்தால் பாதியிலேயே நின்றுவிட்டது. கதவுக்குப் பின்னால் யாரோ பீரோவை நகர்த்தி வைத்த மாதிரி, அதற்கு மேல் போகவில்லை. இன்னொரு தடவை முயன்றேன். இடது காதுக்கு முன்னால் சுரீர் என்றது. வெளியே வந்த சத்தம் ‘அ’வும் இல்லை, ‘ஆ’வும் இல்லை. ஒரு வாண்டு கை தூக்கிக் கேட்டது: “டீச்சர், இது குறிலா நெடிலா?”

அன்றைக்கு மீதி வகுப்பை எழுத்துப் பயிற்சியாக மாற்றிவிட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அன்று காலை எழுந்தபோது நான் சந்தோஷமாக இருந்தேன். பத்தொன்பது வயதிலிருந்து என் இடது தாடையில் ஒரு சத்தம் உண்டு. கொட்டாவி விட்டால் ‘டக்’. பெரிய கவளம் வைத்தால் ‘டக்’. விரலில் சொடக்குப் போடுவது போல, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கே கேட்கும். பன்னிரண்டு வருஷம் கூடவே இருந்த அந்தச் சத்தம் அன்று காலை பல் விளக்கும்போது இல்லை. சரி, கிளிப் போட்டதால் தாடையும் நேராகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சத்தம் ஏன் நின்றது என்று பிற்பாடுதான் புரிந்தது.

கிளிப் போட்ட கதைக்கு வருகிறேன். எனக்கு எத்துப்பல். சின்ன வயதில் அப்பாயி “சிரிக்கும்போது உதட்டை மூடிக்க” என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தாள். முப்பத்தொரு வயதில், சொந்தச் சம்பாத்தியத்தில், நானே முடிவு செய்து கிளிப் போட்டுக்கொண்டேன். எல்லோரும் முகக்கவசம் போட்டுக்கொண்டு திரிந்த காலம், அதனால் வெட்கமும் இல்லை. நகரின் நடுவில் ஒரு பல் மருத்துவமனை, பெயர் வேண்டாம். மேல் வரிசையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முன்கடைவாய்ப்பல்லைப் பிடுங்கி, அந்த இடைவெளிக்குள் முன்பற்களை இழுப்பது என்று திட்டம். என் கடிப்பு ‘இரண்டாம் வகை’ என்றார்கள். மேல் பல் முன்னால், கீழ் வரிசை பின்னால். இந்த வகைப் பிரிப்பு எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கர் 1899ல் செய்தது, இன்றைக்கும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது.

தாடையில் சத்தம் வருமா, வலிக்குமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் தப்பும் பாதி உண்டு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பத்து மாதம் கழித்து ரப்பர் கொடுத்தார்கள். பொட்டலத்தின் மேல் நரிப் படம் போட்ட குட்டிக் குட்டி வளையங்கள். மேல் கோரைப்பல்லில் ஒரு முனை, கீழ்க் கடைவாய்ப்பல்லில் இன்னொரு முனை. சாப்பிடும் நேரம் தவிர நாள் முழுக்க மாட்டியிருக்க வேண்டும். அது மேல் வரிசையைப் பின்னுக்கும் கீழ்த்தாடையை முன்னுக்கும் இழுக்கும். மூன்றாம் வாரத்தில் இடது காது வலிக்கத் தொடங்கியது. காதுக்குள் தண்ணீர் நின்றது போல ஓர் அடைப்பு. காலையில் எழுந்தால் நெற்றிப்பொட்டு இரண்டும் கனக்கும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். அவர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, காது பளிங்கு போல இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் வேறு ஒரு கண்டுபிடிப்பு நடந்தது. நான் ராத்திரி தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறேன் என்று அம்மா சொன்னாள். தமிழ் வீட்டில் இதற்கு என்ன பொருள்? வயிற்றில் பூச்சி. முப்பத்திரண்டு வயதுப் பெண்ணுக்குப் பூச்சி மாத்திரை வாங்கி வந்தார் அப்பா. மறுப்பதற்கு வாயைத் திறக்க வேண்டுமே, பேசாமல் முழுங்கிவிட்டேன்.

‘ஆ’ நின்றுபோன அன்றே அந்த மருத்துவமனைக்குப் போன் செய்தேன். அடுத்த முறை வயர் மாற்ற வரும்போது காட்டுங்கள் என்றார்கள். அதற்கு மூன்று வாரம் இருந்தது. நான் வற்புறுத்தவில்லை. பர்மாவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நான் ஏன் வற்புறுத்தவில்லை என்று விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே ‘ஆனா’ என்று ஒரு சொல் உண்டு. அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்கிறோமே, அவர் முகம் கோணிவிடுமோ என்று நம் வாயை நாமே கட்டிக்கொள்கிற உணர்ச்சி. சங்கடம், தாட்சண்யம் என்று எந்தத் தமிழ்ச் சொல்லைப் போட்டாலும் கால் பங்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பர்மிய மொழியில் ‘ஆ’ என்றால் வலு, ‘நா’ என்றால் வலி. தமிழ் ரத்தம் என்று சொல்லிக்கொண்டாலும் நாலு தலைமுறையாக இந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறோம். எனக்கு ஆனா நிறையவே உண்டு.

ஒன்பது நாள் கஞ்சியும் மொஹிங்காவுமாக ஓட்டினேன். மொஹிங்காவில் மீன் குழம்பும் மெல்லிய அரிசி நூடுல்ஸும்தான், மெல்லவே வேண்டாம். மேலே நொறுக்கிப் போடும் பருப்பு வடையை மட்டும் கடைக்காரம்மாவிடம் வேண்டாம் என்று கை காட்டுவேன். பத்தாம் நாள், கூடவே வேலை பார்க்கும் ஒரு பர்மியத் தோழி என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இன்னொரு மருத்துவரிடம் நிறுத்தினாள். அவர்தான் இந்தக் கதையின் நிஜ சயாமா.

சயாமா முதலில் கேட்டது கிளிப்பைப் பற்றி இல்லை. “கூன்யா போடுவீர்களா?” வெற்றிலை பாக்கு. நான் அதிர்ந்துபோனேன். இந்த ஊரில் வாய் திறக்காமல் யாராவது வந்தால் முதல் சந்தேகமே அதன்மேல்தானாம். பாக்கு மெல்ல மெல்லக் கன்னத்தின் உட்தோல் நாளடைவில் நார் நாராக இறுகி, வாய் சிறுத்துப் போகும். புற்றுநோய்க்கும் அது ஒரு வாசல். கையுறை மாட்டி என் கன்னத்தை உள்ளே தடவிப் பார்த்துவிட்டு, மெத்தென்று இருக்கிறது, அது இல்லை என்றார். (அன்று மாலையே சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் கூன்யாவைக் கன்னத்தில் அதக்கியபடி ஓ அப்படியா என்றார்.)

பிறகு, என் கையிலேயே நடுவில் உள்ள மூன்று விரலைச் சேர்த்து, நெட்டுக்குத்தாக வாய்க்குள் விடச் சொன்னார். சாதாரணமாக மூன்று விரல் நுழையுமாம். எனக்கு இரண்டே தகராறு. அளவுகோல் வைத்துப் பார்த்தார்: 26 மில்லிமீட்டர். நாற்பதுக்கு மேல் இருக்க வேண்டியது. கண்ணாடியைக் கையில் கொடுத்துத் திறக்கச் சொன்னார். என் முகவாய் நேராக இறங்காமல் இடது பக்கம் கோணிக்கொண்டு போவதை அப்போதுதான் நானே பார்த்தேன்.

அவர் விளக்கிய விதம் எனக்கு மறக்காது. இடது கையை முஷ்டியாக மடக்கி, அதன்மேல் மடித்த கைக்குட்டை ஒன்றை வைத்தார். முஷ்டி கீழ்த்தாடை எலும்பின் தலை. கைக்குட்டை, அதற்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் இருக்கிற நார்வட்டு. வாய் திறக்கும்போது முதலில் தாடை கீல் போலச் சுழலும். இருபத்தைந்து மில்லிமீட்டர் வரை அது போதும். அதற்கு மேல் திறக்க, மேசை இழுப்பறை போல முன்னால் வழுக்கி வரவேண்டும். வட்டு கூடவே வரும். எனக்கு வட்டு கொஞ்சம் முன்னால் நழுவிப் போயிருந்தது. வாய் திறக்கும்போது எலும்புத் தலை அதன் விளிம்பைத் தாண்டி மேலே ஏறும். அந்த ஏறுகிற சத்தம்தான் ‘டக்’. இப்போது கைக்குட்டையை முழுக்க முன்னால் தள்ளி, சுருட்டி, முஷ்டியை அதில் முட்டவைத்தார். “இப்போது ஏற முடியவில்லை. அதனால் சத்தமும் இல்லை, வழியும் இல்லை.” நான் நல்ல சகுனம் என்று நினைத்த அமைதி அதுதான்.

“பூட்டிக்கொண்ட முதல் இரண்டொரு நாளில் வந்திருந்தால் கையால் தாடையை இறக்கி, வட்டைப் பிடிக்க முடிகிறதா என்று பார்த்திருக்கலாம்” என்றார். பத்தாம் நாளும் முயன்று பார்த்தார், நடக்கவில்லை. பயப்பட வேண்டாம், வட்டு திரும்பாவிட்டாலும் அதன் பின்னால் இருக்கும் திசு மெல்ல அந்த வேலைக்குப் பழகிக்கொள்ளும், முக்கால்வாசிப் பேருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே வாய் திறந்துவிடும் என்றும் சொன்னார்.

நான் கேட்ட முதல் கேள்வி எல்லோரும் கேட்பதுதான்: கிளிப்தான் காரணமா?

இல்லை என்றார், ஆனால் தயங்கித்தான் சொன்னார். அந்தத் தயக்கத்தின் காரணத்தை ராத்திரி போனில் தேடிப் படித்தேன். மின்சாரம் போன நேரம், வேறு வேலையும் இல்லை. தாடை மூட்டுத் தொல்லைக்கும் கடிப்புக்கும் முடிச்சுப் போட்டுப் புகழ்பெற்றவர் ஜேம்ஸ் காஸ்டன், 1934ல், அமெரிக்காவில். அவர் பல் மருத்துவரே இல்லை, காது மூக்கு தொண்டைக்காரர். காது வலி என்று அவரிடம் வந்தவர்களுக்குப் பின்பற்கள் விழுந்து கடிப்பு இறங்கியிருந்ததைப் பார்த்து எழுதினார். (என் காதைப் பளிங்கு என்றவர் அதைப் படித்திருக்கலாம்.) அன்றிலிருந்து கடிப்பைச் சரிசெய்தால் மூட்டு சரியாகும் என்ற நம்பிக்கை பல காலம் ஓடியது. பிறகு 1987ல் மிச்சிகனில் ஒரு வழக்கு. பல் சீரமைத்ததால் தாடை மூட்டு கெட்டது என்று ஓர் இளம்பெண் தொடுத்தது. எட்டரை லட்சம் டாலர் இழப்பீடு என்று தீர்ப்பு வந்ததும் அந்தத் துறையே நடுங்கிவிட்டது. உடனே ஆராய்ச்சிகள் குவிந்தன. வந்த முடிவு இரண்டு தரப்புக்கும் பிடிக்காத முடிவு. பொதுவாகப் பார்த்தால் கிளிப் போடுவது மூட்டுத் தொல்லையை உண்டாக்குவதும் இல்லை, தீர்ப்பதும் இல்லை.

எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. முதல் மருத்துவமனையைத் திட்டுவதற்கு வைத்திருந்த வாசகங்களில் பாதியை அழித்தேன். மீதியை வைத்திருக்கிறேன். ஏற்கெனவே சத்தம் போடுகிற மூட்டு என்று தெரிந்திருந்தால், முதலில் வலியை அடக்கிவிட்டு அப்புறம் பல்லைத் தொட்டிருப்பார்கள். ரப்பரைக் கொடுக்கும்போது ஒரு கண் வைத்திருப்பார்கள். கேட்க வேண்டியது அவர்கள், சொல்ல வேண்டியது நான். இரண்டும் நடக்கவில்லை.

சயாமா முதல் வேலையாக ரப்பரை நிறுத்தினார். வயரை எடுக்கவில்லை; பல்லைப் பிடித்து வைக்கும் அளவுக்கு மட்டும் விட்டுவிட்டு, நாலு மாதம் எந்த இழுவையும் இல்லை. அந்த நாலு மாதமும் என் பல் வரிசையில் இடைவெளி அப்படியே திறந்து கிடந்தது. சிரித்தால் முன்னைவிட மோசம். வகுப்பில் ஒரு பையன் “சயாமா, பல் விழுந்துருச்சா? எனக்கும்!” என்று தன் ஓட்டையைக் காட்டினான்.

பெரிய சிக்கல் ராத்திரிக் கடிக்கு வைத்தியம் பார்ப்பதில்தான். தாடை மூட்டுக்காரர்களுக்குக் கொடுப்பது கெட்டியான அக்ரிலிக் தகடு. தூங்கும்போது மேல் பல்லின் மேல் மாட்டினால் மேலும் கீழும் நேராக மோதாது. ஆனால் அது பல்லில் கச்சிதமாக உட்கார வேண்டும். கிளிப்பின் வேலையோ பல்லை நகர்த்துவது. இன்றைக்கு அளவெடுத்துச் செய்த தகடு அடுத்த மாதப் பல்லுக்கு ஆகாது. ஒரே வாய்க்குள் ஒரு வைத்தியம் ‘நகராதே’ என்கிறது, இன்னொன்று ‘நகர்’ என்கிறது. நகராத அந்த நாலு மாதமும் தகடு ஒழுங்காக இருந்தது. பிறகு சயாமா மறுபடி பல்லை இழுக்கத் தொடங்கியதும் ஒவ்வொரு முறையும் உள்பக்கத்தைச் சுரண்டி, புதுப் பசை ஊற்றித் திருத்திக் கொடுத்தார். சில மாதம் பொருந்தாமலே விட்டுவிட்டோம். அந்த மாதங்களில் அம்மா காலையில் என் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள், நேற்று ராத்திரி கடித்தேனா இல்லையா என்று.

பகலில் செய்வதற்கு அவர் சொன்னது ஒரே ஒரு விஷயம். சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றையொன்று தொடவே கூடாது. உதடு மூடியிருக்கட்டும், பல் விலகியிருக்கட்டும், நாக்கு மேலே ஒட்டியிருக்கட்டும். நாக்கு எங்கே என்பதற்கு ஆங்கில ‘என்’ எழுத்தைச் சொல்லி, கடைசியில் நாக்கு எங்கே நிற்கிறதோ அங்கே என்றார். வீட்டுக்கு வந்து தமிழில் முயன்றேன். மூன்று இருக்கிறதே நம்மிடம்! தந்நகரம் சொன்னால் நாக்கு முன்பல்லின் முதுகில் முட்டுகிறது. வைத்துக்கொண்டே இருந்தால் கிளிப் இழுத்ததை நாக்கு வெளியே தள்ளிவிடும். டண்ணகரம் சொன்னால் நுனி மடிந்து மேலண்ணத்துக்குள் போகிறது, தாடை இறுகுகிறது. றன்னகரம்தான் சரியாக உட்கார்ந்தது, முன்பல்லுக்குச் சற்றுப் பின்னால் இருக்கிற மேட்டில். அடுத்த முறை சயாமாவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு மூன்றும் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. ஆனாலும் தலையாட்டினார். பிள்ளைகள் மூன்று சுழி, இரண்டு சுழி என்று எண்ணித்தான் எழுதுகிறார்கள். அதற்கப்புறம் நான் நாக்கை வைக்கும் இடத்தையும் சேர்த்துச் சொல்லித் தருகிறேன்.

போன் உறையின் உள்பக்கம் ‘ன்’ என்று எழுதி ஒட்டினேன். பஸ்ஸில், கணக்கு எழுதும்போது, யாராவது எரிச்சல் மூட்டும்போது அதைப் பார்ப்பேன். நாளெல்லாம் நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வாழ்ந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்பதை நம் வீடுகளில் புத்திமதியாகவே சொல்வார்கள், என் தாடை அதை எழுத்துப் பிசகாமல் கேட்டிருக்கிறது.

சூட்டு ஒத்தடம் ஒரு நாளைக்கு இரண்டு வேளை. மின்சார ஒத்தடப் பை வாங்கினேன். மின்சாரம் இருக்கும் நேரத்தில் நான் வேலையில், நான் வீட்டில் இருக்கும் நேரத்தில் மின்சாரம் இல்லை. கடைசியில் அப்பாயியின் முறைதான். கல்லுப்பை வாணலியில் வறுத்து, பழைய லுங்கித் துணியில் முடிந்து, கன்னத்தில் பத்து நிமிடம். அது முடிந்த கையோடு விரலால் மெதுவாகத் தாடையை இறக்கும் பயிற்சி. கொட்டாவி வந்தால் முகவாய்க்கு அடியில் கையை முட்டுக் கொடுக்க வேண்டும். லப்பெத் தோ என்கிற தேயிலைச் சாலட்டை ஒன்றரை வருஷம் தொடவில்லை. ஊறிய தேயிலை சாதுதான். கூடப் பிசைகிற வறுத்த அவரையும் பூண்டும் கடலையும் கிளிப்புக்கும் எதிரி, மூட்டுக்கும் எதிரி. இரண்டு வைத்தியமும் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான்.

நாற்காலியில் வாய் திறந்து படுத்திருக்கும் அரைமணி நேரம் இருக்கிறதே, அதுதான் மிச்ச எல்லாவற்றையும்விடக் கஷ்டம். பிராக்கெட் ஒட்டும்போது காய்கிறவரை அசையக் கூடாது. முதல் மருத்துவமனையில் நாற்பது நிமிடம் ஒரே மூச்சாகத் திறந்து வைத்திருந்திருக்கிறேன், கண்ணில் தண்ணீர் வழிய. ஒரு தடவைகூட நிறுத்தச் சொன்னதில்லை. சயாமா முதல் நாளே ஒரு சட்டம் போட்டார்: வலது கையை உயர்த்தினால் உடனே நிறுத்துவேன். நான் உயர்த்தவில்லை. இரண்டாம் முறையும் உயர்த்தவில்லை. மூன்றாம் முறை அவரே கருவியைக் கீழே வைத்துவிட்டு, “உங்களுக்கு ஆனாவா?” என்றார். வாய் நிறைய பஞ்சு, தலையை மட்டும் ஆட்டினேன். “உங்கள் மூட்டுக்கு ஆனா கிடையாது” என்றார். அடுத்த ஐந்து நிமிடத்தில் கை தூக்கினேன். அவர் நிறுத்தினார். ஜெனரேட்டர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்புறம் தொடர்ந்தார். அவ்வளவுதான்.

26, 29, 31, அடுத்த மூன்று மாதமும் 31, பிறகு 35. தமிழ் வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இந்த எண்கள் இருக்கின்றன. ரப்பரை மறுபடி போடவே இல்லை. அதனால் கடிப்பு நூறு சதவீதம் வரவில்லை. மேல் பல் இன்னும் இரண்டு மில்லிமீட்டர் முன்னால் நிற்கிறது. இழுத்துப் பார்க்கலாமா என்று சயாமா கேட்டார். வேண்டாம், இந்த இரண்டு மில்லிமீட்டரை நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். அப்பாயி இருந்திருந்தால் உதட்டை மூடிக்க என்று இன்னமும் சொல்லியிருப்பாள்.

இந்த வருஷம் மார்ச்சில் கிளிப்பைக் கழற்றினார்கள். வாய் 41 திறக்கிறது. இடது பக்கம் ‘டக்’ திரும்பி வரவில்லை. குளிர் நாளில் காலையில் மணலை மிதித்த மாதிரி ஒரு மெல்லிய சரசரப்பு மட்டும். பல் பழைய இடத்துக்கு ஓடாமல் இருக்க ராத்திரி ஒரு பிடிப்புத் தகடு போட வேண்டும். மூட்டுக்கும் ஒரு தகடு வேண்டும். எதை மாட்டிக்கொண்டு தூங்குவது என்று கேட்டேன். இனி பல்லை நகர்த்தப் போவதில்லையே, ஒன்றே போதும் என்று கெட்டித் தகடு ஒன்றையே இரண்டு வேலைக்குமாகச் செய்து கொடுத்தார். காலையில் கழுவி ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டு அடுப்படித் திட்டில் வைக்கிறேன்.

போன வாரம் சித்தப்பா தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் வந்தார். தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கூன்யா சிவப்பேறிய பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே, “ஏம்மா, என் வாயில எல்லாப் பல்லும் இருக்கு, உனக்கு அதுக்குள்ள பல்செட்டா?” என்றார்.